மழை இரவில் 64ஜி1 (ஸ்டேட்டர் எர்த் ஃபால்ட் ரிலே) ட்ரிப்: ஸ்டேட்டரா, பஸ் டக்டா, எதை முதலில் திறப்பது?

கரைநிலையம் கேட்டது:

210 மெகாவாட் யூனிட், 15.75 கே.வி., 247 எம்.வி.ஏ. ஸ்டேட்டர் வைண்டிங்குக்குத் தண்ணீர், ரோட்டருக்கு ஹைட்ரஜன். ஜெனரேட்டர் பிரேக்கர் கிடையாது. ஃபேஸுக்கு ஒரு குழாயாகப் பிரிந்த பஸ் டக்ட் நேரே ஜி.டி.க்குப் (220 கே.வி.க்கு ஏற்றும் ஜெனரேட்டர் ட்ரான்ஸ்ஃபார்மர்) போகிறது, வழியில் யு.ஏ.டி. (யூனிட்டின் சொந்தத் தேவைக்கான ட்ரான்ஸ்ஃபார்மர்), எக்ஸைட்டேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர், பி.டி. (வோல்டேஜ் அளக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) கியூபிகிள், சர்ஜ் கெப்பாசிட்டர் எல்லாம் தொங்குகின்றன. நியூட்ரலில் 15.75 கே.வி./240 வோல்ட் என்.ஜி.டி. (நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்), செகண்டரியில் 0.7 ஓம் ரெசிஸ்டர். 64ஜி1 என்பது அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே உள்ள 59என் (நியூட்ரல் ஓவர்வோல்டேஜ் ரிலே). செட்டிங் 7 வோல்ட், 1 விநாடி. 64ஜி2 மூன்றாம் ஹார்மோனிக் அண்டர்வோல்டேஜ், நியூட்ரலை ஒட்டிய ஃபால்ட்டைப் பிடிக்க.

கனமழையில், ஃபுல் லோடில் ஓடிக்கொண்டிருந்தபோது 64ஜி1 ட்ரிப். 64ஜி2 பிக்கப்பே ஆகவில்லை. ரிலே ரெக்கார்டில் ட்ரிப் நேரத்தில் இருந்தவை: என்.ஜி.டி. செகண்டரி 52 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஆர் 12.2, ஒய் 6.4, பி 9.7 கே.வி. லைன் வோல்டேஜ் மூன்றும் அசையவில்லை.

நின்ற ஒரு மணி நேரத்தில் என்.ஜி.டி. லிங்க்கைக் கழற்றி, பி.டி. ட்ராலிகளை வெளியே இழுத்து, 5 கே.வி. மெகரில் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் கருவி) ஸ்டேட்டர், பஸ் டக்ட், ஜி.டி. எல்.வி. (குறைந்த வோல்டேஜ் பக்கம்) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் 2 மெகாஓம். மழை விட்ட பிறகு 40 மெகாஓம் வரை ஏறிவிட்டது. "ஏறிவிட்டதே, ரீசெட் பண்ணி ஏற்றிவிடலாமே" என்று மேலிருந்து கேட்கிறார்கள். ஏற்றலாமா? ஏற்றக்கூடாது என்றால் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

டர்பைன்தளம்:

ஏற்றாதீர்கள் சார். 52 வோல்ட் என்பது சும்மா சத்தத்தில் வரும் அளவு இல்லை. இந்த என்.ஜி.டி.க்கு, டெர்மினலில் முழு எர்த் ஃபால்ட் வந்தால் செகண்டரியில் வரக்கூடியது சுமார் 139 வோல்ட், அதில் 37.5 சதவீதம் வந்திருக்கிறது.

ஒரு எர்த் ஃபால்ட்டோடு நின்றால் நாலைந்து ஆம்பியர்தான், பரவாயில்லை என்பார்கள். அந்த நாலு ஆம்பியர் கோர் லேமினேஷன் மேல் எரிந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, மற்ற இரண்டு ஃபேஸ்களும் அப்போது உயர்ந்த வோல்டேஜில் நிற்கும். வேறு ஃபேஸில் இரண்டாவது எர்த் விழுந்தால் அது ஃபேஸ்-ஃபேஸ் ஷார்ட், என்.ஜி.டி. அதைக் கட்டுப்படுத்தாது. ட்ரிப் ஆனதோடு கரண்ட் நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஃபீல்டு பிரேக்கர் திறந்த பிறகும் ரோட்டர் ஃப்ளக்ஸ் அடங்கச் சில விநாடிகள் ஆகும். அதுவரை ஃபால்ட்டுக்கு ஊட்டம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ரிலே மேசை:

மெகரைக் கையில் எடுக்கும் முன் ரெக்கார்டை முழுசாகக் கறந்துவிட வேண்டும். நீங்கள் தந்த நாலு எண்களிலேயே நிறைய இருக்கிறது.

முதல் கேள்வி, இது நிஜமா, ரிலே வயரிங் கோளாறா? மூன்று ஃபேஸ் பி.டி. வோல்டேஜையும் வெக்டராகக் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது ஜீரோ சீக்வென்ஸ் வோல்டேஜ். உங்கள் அளவுகளுக்கு அது சுமார் 3.4 கே.வி. என்.ஜி.டி. விகிதத்தில் மாற்றினால் 52 வோல்ட். இரண்டு தனித்தனி வழிகள் ஒரே எண்ணைச் சொல்கின்றன. ரிலே இன்புட்டோ, என்.ஜி.டி. கேபிளோ கெட்டிருந்தால் இப்படிப் பொருந்தாது. பி.டி. ஃபியூஸ் போயிருந்தால் பி.டி. பக்கம் மட்டும் ஆடும், என்.ஜி.டி. பக்கம் அசையாது.

இரண்டாவது கேள்வி, 220 கே.வி. பக்கத்து ஃபால்ட் ஜி.டி. வைண்டிங்குகளுக்கு இடையேயான கெப்பாசிட்டன்ஸ் வழியாக இங்கே எட்டிப் பார்த்ததா? அப்படியானால் எச்.வி. பஸ் பி.டி.யில் ஜீரோ சீக்வென்ஸ் இருக்கும். அந்த ஃபால்ட் கிளியர் ஆனதும் இதுவும் போய்விடும். 59என்-க்கு 1 விநாடி தாமதம் வைத்திருப்பதில் பாதி காரணம் இதுதான். எச்.வி. ரெக்கார்டை ஒருமுறை பாருங்கள்; சுத்தமாக இருந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மூன்றாவது கேள்வி, எந்த ஃபேஸ்? எது அதிகமாக நிற்கிறதோ அதற்கு அடுத்து வரும் ஃபேஸ்தான் குற்றவாளி. ஆர்-ஒய்-பி வரிசையில் ஆர் தான் உச்சம், ஆகவே ஒய். உங்களுக்குக் குறைந்த ஃபேஸும் ஒய்தான் என்பதால் சந்தேகமே இல்லை. எப்போதும் குறைந்த ஃபேஸையே பிடித்துக்கொள்ளலாமே என்றால், ரெசிஸ்டர் சரியாகப் பொருந்தியிருக்கும்வரைதான் அது சரி. ரெசிஸ்டர் திறந்துபோய் நியூட்ரல் மிதந்தால், அதிக ரெசிஸ்டன்ஸ் உள்ள ஃபால்ட்டில் குறைந்த ஃபேஸ் வேறாக மாறிவிடும். "உச்சத்துக்கு அடுத்தது" விதி அப்போதும் நிற்கும்.

இனி ருசியான பகுதி. மற்ற இரண்டு ஃபேஸ்களும் சமமாக உயர்ந்தனவா? இல்லை: ஆர் 12.2, பி 9.7. நேரடி உலோகத் தொடர்பாக இருந்தால், அதாவது வைண்டிங்கில் நியூட்ரலிலிருந்து 37.5 சதவீதத் தூரத்தில் கடத்தி இரும்பைத் தொட்டிருந்தால், ஒய் 5.7 ஆகவும் மற்ற இரண்டும் ஆளுக்கு 11.2 ஆகவும் நின்றிருக்கும். ஏற்றத்தாழ்வு இருப்பதால் ஃபால்ட் வழியில் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. ஆகவே "52/139, 37.5 சதவீத இடத்தில் ஃபால்ட்" என்ற நேர்கணக்கு இங்கே செல்லாது.

சரியான கணக்கு இது. ஃபேஸுக்கு மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 0.35 மைக்ரோ ஃபாரட் என்று வைத்தால் மூன்றுக்கும் 1.05, 50 ஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் சுமார் 3030 ஓம். 0.7 ஓமை விகித வர்க்கத்தால் பிரைமரிக்கு மாற்றினாலும் 3000 ஓம் சொச்சம்தான் வருகிறது. அப்படிப் பொருந்தும்படிதான் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பார்கள். பாசிட்டிவ் சீக்வென்ஸிலிருந்து (மூன்று ஃபேஸ் வோல்டேஜின் சமநிலைப் பகுதி) ஒய் ஃபேஸ் இ.எம்.எஃப். திசையை எடுத்து, பி.டி. கூட்டலில் கிடைத்த ஜீரோ சீக்வென்ஸ் அதற்கு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பாருங்கள். சுத்த உலோக ஃபால்ட் என்றால் 180. உங்கள் அளவுகளை வரைந்தால் சுமார் 150 வருகிறது, அதாவது குறைவு 29.6 டிகிரி.

அந்தக் குறைவின் டேன் 0.568. அதை (1 − 0.568) ஆல் வகுத்தால் 1.315. இதை 3030-ஆல் பெருக்கினால் ஃபால்ட் ரெசிஸ்டன்ஸ் சுமார் 4000 ஓம். இடத்துக்கு: 0.375-ஐ, 2.315-இன் வர்க்கமும் 1.315-இன் வர்க்கமும் கூட்டிய தொகையின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 1.0 வருகிறது. ஃபால்ட் டெர்மினலில், அல்லது டெர்மினலுக்கு வெளியே.

இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கோணத்தில் 3 டிகிரி பிழை இருந்தாலே 1.0 என்பது 0.84 ஆகிவிடும். டெர்மினலை ஒட்டிய மேல் காயிலா, பஸ் டக்டா என்று இதனால் பிரிக்க முடியாது. வைண்டிங்கின் நடுவிலோ நியூட்ரல் பக்கத்திலோ இல்லை என்பது மட்டும் உறுதி. 64ஜி2 அசையாததும் அதோடு ஒத்துப்போகிறது. மழை, ஒய் ஃபேஸ், 4000 ஓம் ஈர வழி, டெர்மினலுக்கு வெளியே. பஸ் டக்டில் ஒய் ஃபேஸ் உறையை மட்டும் முதலில் திறங்கள்.

நேர்கம்பி:

ரிலே மேசை சார் கணக்கு அருமை. ஆனால் உலர்ந்த பிறகு ஐ.ஆர். (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்) ஏறிவிட்டது என்றால், 59என்-ஐத் தற்காலிகமாக 10 சதவீதத்துக்கு உயர்த்தி, தாமதத்தை 3 விநாடி ஆக்கி ஓட்டக்கூடாதா? மழைக்காலம் முடிந்து ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாமே.

சுற்றுக்கம்பி:

10 சதவீதம் என்றால் 14 வோல்ட். வந்தது 52. செட்டிங்கை உயர்த்தினாலும் ட்ரிப் ஆகியிருக்கும், மூன்று விநாடி எரிந்த பிறகு. நியூட்ரலை ஒட்டிய இன்னொரு 5 சதவீத வைண்டிங்குக்கு 59என் காவல் போவதுதான் இதில் கிடைக்கும் ஒரே பலன்.

"ஐ.ஆர். ஏறிவிட்டது" என்பதையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டர் தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியிருந்தால் நீங்கள் அளந்ததில் பெரும்பகுதி டெஃப்லான் குழாய்களுக்குள் இருக்கும் தண்ணீர். ஹெடருக்குக் கார்டு கட்டும் மெகரில் அளக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை வடித்து, காற்றடித்து உலர்த்தி அளக்க வேண்டும். சாதாரண மெகரில் 2 என்பதும் 40 என்பதும் தண்ணீரின் கண்டக்டிவிட்டி மாறியதைக்கூடக் காட்டியிருக்கலாம். சர்ஜ் கெப்பாசிட்டரைக் கழற்றினீர்களா என்றும் எழுதவில்லை. அதனுள்ளே டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருக்கும். கழற்றாமல் விட்டால் நாள் முழுக்க அதையேதான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

அடுத்து, ஒய் ஃபேஸைத் தனியாக அளக்க வேண்டும் என்றால் எல்லா டெல்டாவையும் பிரித்தே ஆக வேண்டும். ஜி.டி. எல்.வி. டெல்டா, யு.ஏ.டி. எச்.வி. டெல்டா, எக்ஸைட்டேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைமரி டெல்டா. இதில் ஒன்று தொங்கினாலும் மூன்று ஃபேஸும் ஒன்றாகக் கட்டுண்டுதான் இருக்கும். ஸ்டேட்டரில் நியூட்ரல் ஸ்டார் லிங்க்கையும் பிரிக்க வேண்டும். ஃபிளெக்சிபிள் கழற்றுவது பெரிய வேலை என்று தெரியும். அதனால் வரிசை இப்படி:

லைன் கிளியர் எடுத்து, டிஸ்சார்ஜ் பண்ணி, எர்த் போட்ட பிறகு முதலில் கண்ணால் பாருங்கள். ஒய் ஃபேஸ் உறையின் இன்ஸ்பெக்ஷன் மூடிகளை வெளிப்பக்கத்திலிருந்து திறங்கள்: ஜி.டி. எல்.வி. புஷிங் பெட்டி, பிறகு அதற்கு முந்தைய ரப்பர் பெல்லோஸ், பிறகு சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்து சீல் புஷிங். டிரெயின் பிளக்குகளைத் திறந்து கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதே பாதி விடை. அடுத்தது பி.டி. கியூபிகிள், ஒய் ஃபேஸ் ட்ராலியில் ரேஷியோவும் மேக்னடைசிங் கரண்டும் எடுத்து ஆர், பி ட்ராலிகளோடு ஒப்பிடுங்கள். ஒரு பி.டி.க்குள் டர்ன் ஷார்ட் இருந்தால் மெகர் காட்டாது, இந்தச் சோதனை காட்டும். செகண்டரி ஃபேஸ் வயர் எர்த்தில் தொட்டிருந்தாலும் பிரைமரியில் எர்த் ஃபால்ட் போலவே தெரியும் என்பதால் அந்தப் பக்கத்து எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சுத்தம் என்றால்தான் ஃபிளெக்சிபிள். ஜெனரேட்டர் டெர்மினலில் பிரித்து, ஸ்டேட்டர் தனி, பஸ் டக்ட் தனி. ஸ்டேட்டருக்கு 10 நிமிட அளவீடும் 1 நிமிட அளவீடும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து பி.ஐ. கணக்கிடுங்கள். வடித்து உலர்த்திய வைண்டிங்கில் 40 டிகிரிக்குத் திருத்திய ஐ.ஆர். 100 மெகாஓமும் பி.ஐ. 2-உம் ஐ.இ.இ.இ. 43 கேட்கும் குறைந்தபட்சம். அளந்து முடித்ததும், சார்ஜ் ஏற்றிய நேரத்தைப் போல் நாலு மடங்காவது எர்த்திலேயே விட்டு வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஓடும்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வரும் உச்சம் 12.9 கே.வி. ஃபால்ட்டில் மற்ற ஃபேஸ்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் மெகர் 5 கே.வி. ஈரத்தடம் காய்ந்த பீங்கான் 5 கே.வி.யில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

டர்பைன்தளம்:

ஒரு சின்ன சேர்ப்பு. ஸ்டேட்டர் பாரில் தண்ணீர்க் கசிவு இருக்குமோ என்ற பயம் இருந்தால், ஸ்டேட்டர் தண்ணீர் தொட்டியின் கேஸ் ட்ராப்பைப் பாருங்கள். ஹைட்ரஜன் அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட மேலே இருப்பதால், ஓட்டை விழுந்தால் முதலில் ஹைட்ரஜன்தான் தண்ணீருக்குள் புகும். அங்கே ஹைட்ரஜன் கூடவில்லை, கேஸ் மேக்கப்பும் (குறைவை ஈடுகட்டச் சேர்க்கும் ஹைட்ரஜன்) வழக்கம்போல்தான் என்றால் பாரின் மேல் சந்தேகம் குறைகிறது.

கரைநிலையம்:

எல்லோருக்கும் நன்றி. விவரம் இதோ. முதல் அளவீட்டில் ஸ்டேட்டர் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சர்ஜ் கெப்பாசிட்டரும் கழற்றப்படவில்லை. ஆகவே அந்த 2-ஐயும் 40-ஐயும் ஒதுக்கிவிட்டோம். எச்.வி. ரெக்கார்டு சுத்தம். கேஸ் ட்ராப்பில் மாற்றம் இல்லை. பி.டி. மூன்றும் ஒரே மாதிரி, எம்.சி.பி. எதுவும் விழவில்லை.

ஒய் ஃபேஸில் ஜி.டி.க்கு முந்தைய பெல்லோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் பட்டைக்குக் கீழே, ரப்பர் விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடி பிடித்துத்தான் தெரிந்தது. அதற்கு அடுத்த டிரெயின் பிளக் துருவும் கடல் மண்ணும் சேர்ந்து அடைத்துக் கிடந்தது. குத்தித் திறந்ததும் அரை வாளி தண்ணீர். அங்கே உள்ள சப்போர்ட் இன்சுலேட்டரில் கண்டக்டர் பக்கத்திலிருந்து உறைவரை வெள்ளை உப்புப் படிவு, நடுவில் பென்சில் கோடு போல் ஒரு கருப்புத் தடம். மற்ற இரண்டு ஃபேஸ்களிலும் தண்ணீர் இல்லை, ஆனால் உப்பு இருக்கிறது. சிலிக்கா ஜெல் மூன்றிலும் ரோஸ் நிறம், அதாவது ஈரம் குடித்துவிட்டது.

இன்சுலேட்டரைத் துடைத்து வைத்தால் போதுமா, மாற்ற வேண்டுமா? ஏற்றுவதற்கு முன் என்னென்ன செய்யலாம்?

சுற்றுக்கம்பி:

மாற்றுங்கள். கருப்புத் தடம் மேலோட்டமான கரியாக இருந்தால் துடைத்தால் போகும். கிளேஸ் எரிந்திருந்தால் அடுத்த ஈரத்தில் அதே கோட்டில் திரும்ப ஓடும். நகத்தால் கீறிப் பார்த்தாலே சொரசொரப்பு தெரிந்துவிடும், ஆனால் இந்த விலைக்கு அந்தச் சோதனையே வேண்டாம். மற்ற இன்சுலேட்டர்களை டிமினரலைஸ்டு தண்ணீரில் நனைத்த துணியால் உப்புப் போகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். வெறும் காய்ந்த துணி உப்பைத் தேய்த்துப் பரப்பும்.

பெல்லோஸை மூன்று ஃபேஸிலும் மாற்றுங்கள். ஒரே வயது ரப்பர், ஒன்று வெடித்தால் மற்றதும் தயார்நிலையில்தான் இருக்கும். சிலிக்கா ஜெல்லை மாற்றி, உலர் காற்றுப் பக்கமும் ஸ்பேஸ் ஹீட்டர்களும் வேலை செய்கின்றனவா என்று கரண்ட் எடுத்துப் பாருங்கள். யூனிட் ஓடும்போது பஸ் டக்ட் சூட்டில் தானே உலரும். நின்று குளிரும்போதுதான் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். உங்களுக்கு இப்போது ஆபத்தான நேரம் இந்த ஷட்டவுன்தான். சூடான காற்றை ஓடவிட்டு, ஐ.ஆர். ஏறி ஒரே இடத்தில் நிலைக்கும்வரை மணிக்கு ஒருமுறை எடுங்கள்.

ரிலே மேசை:

ஏற்றும்போது நேரே சின்க்ரனைஸ் பண்ண வேண்டாம். ஃபால்ட் வைண்டிங்குக்கு வெளியே என்று கண்ணால் பார்த்துவிட்டதால், படிப்படியாக வோல்டேஜ் ஏற்றிச் சோதிப்பதில் தவறில்லை. கோர் ஃபால்ட் சந்தேகம் மிச்சமிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

220 கே.வி. பிரேக்கரும் ஐசொலேட்டரும் திறந்தபடி, யு.ஏ.டி. எல்.வி. இன்கமர் திறந்து, ஆக்சிலியரி எல்லாம் ஸ்டேஷன் சப்ளையில். ஏ.வி.ஆர். (தானியங்கி வோல்டேஜ் ரெகுலேட்டர்) மேனுவலில். 59என் தாமதத்தைச் சோதனைக்கு மட்டும் 0.1 விநாடியாகக் குறையுங்கள், எச்.வி. பக்கம் பிரிந்திருப்பதால் அங்கிருந்து பொய் ட்ரிப் வராது. 3000 ஆர்.பி.எம்.மில் 20, 40, 60, 80, 100 சதவீதம் என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் என்.ஜி.டி. செகண்டரி வோல்டேஜைக் குறியுங்கள்.

சாதாரண மல்டிமீட்டரில் அல்ல. அங்கே ஆரோக்கியமான மெஷினிலும் 150 ஹெர்ட்ஸ் மூன்றாம் ஹார்மோனிக் சில வோல்ட் நிற்கும். மீட்டர் அதையும் சேர்த்துக் காட்டிப் பதறவைக்கும். ரிலே மெஷர்மென்ட் பக்கத்தில் 50 ஹெர்ட்ஸ் பகுதியைத் தனியாக எடுங்கள். அது சிறியதாக, வோல்டேஜோடு நேர்விகிதத்தில் மட்டும் ஏற வேண்டும். ஏதாவது ஒரு படியில் விகிதம் மீறித் துள்ளினால் உடனே ஃபீல்டை இறக்கி, மறுபடி மூடிகளைத் திறங்கள். 100 சதவீதத்தில் அரை மணி நேரம் நிலையாக நின்றால் தாமதத்தை 1 விநாடிக்குத் திருப்பி, இருவர் கையெழுத்தோடு செட்டிங் ஷீட்டைச் சரிபார்த்துவிட்டு சின்க்ரனைஸ் செய்யலாம்.

சோதனைக்கு முன்பு கழற்றிய என்.ஜி.டி. லிங்க் திரும்பப் போடப்பட்டதா என்று நேரில் போய்ப் பாருங்கள். விட்டுப்போனால் 59என் குருடாகிவிடும். நியூட்ரலில் மூன்றாம் ஹார்மோனிக் பூஜ்யமாகி 64ஜி2 ட்ரிப் அடிக்கும், எல்லோரும் ஸ்டேட்டரில் புது ஃபால்ட் என்று மறுபடி மெகரைத் தூக்குவார்கள். 64ஜி2-வுக்கு லோடு தாழ்வாக இருக்கும்போது தடுப்பு இருக்கிறதா என்பதையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள். லோடு ஏற ஏற 25, 50, 75, 100 சதவீதத்தில் நியூட்ரலின் மூன்றாம் ஹார்மோனிக்கைக் குறித்து வைத்து, அதில் மிகக் குறைந்ததன் பாதியைப் பிக்கப்பாக வைப்பது வழக்கம்.

கரைநிலையம்:

இன்சுலேட்டர் ஸ்டோரில் ஒன்று இருக்கிறது, பெல்லோஸ் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. லிங்க்கில் சிவப்பு டேக் கட்டி, எண்ணை லாக் புக்கில் எழுதிவிட்டோம். படிவாரியான 50 ஹெர்ட்ஸ் அளவுகளை ஏற்றியதும் இங்கேயே போடுகிறேன்.